நகரின் நிலைத்தன்மையை அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரங்களின் நீடித்த நிலைத்தன்மையை, அதாவது நீரும் நிலமும் பிற வளங்களும் தீர்ந்துபோகாமல் நகரம் தொடர்ந்து வாழும் திறனை, அளக்கும் பணிக்குப் புதிதாக வருவோரின் அறிக்கைகளில், எங்கள் தலைமுறை செய்த பிழைகளே புதிய வரைபடங்களோடு திரும்பி வருகின்றன. கூட்டல் பிழை, அலகு மாறாட்டம் போன்றவற்றை மேலாய்வில் எவரேனும் பிடித்துவிடுவர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் சென்னையைச் சேர்ந்தவை.

மாநகராட்சி எல்லையையே நகரமாகக் கொள்ளுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அவ்வாண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள புள்ளிவிவரங்களை ஒரே கோட்டில் இணைத்து, நபர்வாரித் திறந்தவெளி கூடியதற்குக் கொள்கைக் காரணங்களைத் தேடிய ஓர் அறிக்கையை நான் படித்திருக்கிறேன். கூடியது திறந்தவெளி அன்று, எல்லை. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைமேட்டின் கதை இதற்கு நேரெதிரானது. மாநகரின் குப்பை ஆண்டுக்கணக்காக அங்கே கொட்டப்பட்டும், பெருங்குடி 2011 வரை தனிப் பேரூராட்சியாக இருந்ததால், எல்லைக்குள் மட்டும் கணக்கெடுத்தவரின் ஏட்டில் அந்த மேடு இடம்பெறவே இல்லை.

குடிநீரில் இத்தவறின் விலை இன்னும் அதிகம். சென்னை குடிக்கும் நீரில் ஒரு பகுதி ஆந்திரத்திலிருந்து கண்டலேறு அணை வழியாகப் பூண்டி ஏரிக்கு வரும் கிருஷ்ணா நீர். இன்னொரு பகுதி 2004 முதல் 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாயில் வரும் வீராணத்து நீர். வடக்கே மீஞ்சூர்ப் பகுதியின் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து அளவுக்கு மீறி உறிஞ்சியதால் அங்கே நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது. அந்த இழப்பை ஏற்றவர்கள் நகரவாசிகள் அல்லர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து காவிரி நீர் ரயிலில் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அந்த நீரை வரவில் சேர்த்திருந்த ஓர் இளைஞர் குழுவிடம், அது கிளம்பிய இடத்தில் என்ன நிகழ்ந்தது என்று கேட்டேன். 'ஜோலார்பேட்டை எங்கள் ஆய்வுப் பரப்புக்குள் வரவில்லை' என்று மிகுந்த மரியாதையுடன் பதில் சொன்னார்கள்.

ஆகவே, குறியீடுகளை (நிலைத்தன்மையைக் காட்டும் அளவைகளை) தேர்ந்தெடுக்கும் முன்பே இரண்டு கணக்குகளைத் திறந்துகொள்ளுங்கள். நிர்வாக எல்லைக்கான கணக்கில் பழைய 174 சதுர கிலோமீட்டருக்கான தொடரை அறுத்துவிடாமல் புதியதோடு இணையாக நடத்த வேண்டும். மற்றது, நீர் எந்தப் படுகையிலிருந்து வருகிறது, கழிவு எங்கே சேர்கிறது, மின்சாரம் எங்கே உற்பத்தியாகிறது என்பவற்றைப் பின்தொடரும் கணக்கு. கடல்நீரைக் குடிநீராக்க ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் செலவாகிறது. அதை மின்துறையின் தலையில் எழுதிவிட்டு, 'வறட்சியிலும் வற்றாத நீர்' என்று மட்டும் நீர்க்கணக்கில் குறிப்பது சரியன்று. இரண்டாம் கணக்கு தோராயமாகவே அமையும்; இருப்பினும், தவறான எல்லைக்குள் எடுத்த துல்லியமான எண்ணைவிட அது திட்டமிடலுக்குப் பயன்படும்.

சராசரியில் நிறுத்திக்கொள்ளுதல்

நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்திய நகரங்களுக்கான அளவுகோல். மொத்த விநியோகத்தை மக்கள்தொகையால் வகுத்து அதை எட்டிவிட்டதாகக் காட்டுவது எளிது. வழியில் கசிந்த நீரும், லாரிக்காகக் குடத்துடன் காத்திருக்கும் தெருவும் அந்த வகுத்தலில் மறைந்துவிடுகின்றன. வார்டுவாரியாகப் பிரித்து, மிகக் குறைவாகப் பெறும் வார்டுகளை முதலில் எழுதுங்கள்.

குறியீடுகளைக் குவித்தல்

நகரங்களை அளப்பதற்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 37120, 2014-இல் நூறு குறியீடுகளுடன் வந்தது. உங்களுக்குப் பத்து போதும், ஆண்டுதோறும் ஒரே முறையில் அளப்பதாயின்.

வசதியான அடிப்படை ஆண்டு

ஒப்பிடுவதற்கான தொடக்க ஆண்டாக நிலத்தடி நீருக்கு, ஏரிகள் வறண்ட 2019-ஐ வைக்காதீர்கள். அதன்பின் எல்லா ஆண்டும் வெற்றியாகத் தெரியும்.

கட்டியதை எண்ணுதல்

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எத்தனை வீடுகளில் அமைப்பு உள்ளது என்ற எண் திட்ட அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும்; அவற்றுள் எத்தனையில் மணல் அடைத்துக்கொண்டது, எத்தனை வீடுகளில் குழாய் நேராகத் தெரு வடிகாலுக்குப் போகிறது என்பதைப் பெரும்பாலும் எவரும் திறந்து பார்ப்பதில்லை. மாதிரிக்குச் சில தெருக்களைத் தேர்ந்து மழைக்காலத்துக்கு முன் நேரில் சோதியுங்கள். கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஜனவரியிலும் மே மாதத்திலும் எடுத்து, அவ்வாண்டு மழையளவுடன் ஒரே அட்டவணையில் பதியுங்கள்.