பழுப்பு தெரிந்தாலே பாசிட்டிவ் அல்ல: குடல், கல்லீரல், கணைய ஐ.எச்.சி.யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐ.எச்.சி. (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி: திசுவில் ஒரு புரதம் இருக்கிறதா என்று ஆன்டிபாடி கொண்டு பழுப்பேற்றிப் பார்க்கும் சோதனை) ஸ்லைடு பார்க்கப் பழகும்போது எல்லோருக்கும் வருகிற பழக்கம் இது: பழுப்பு தெரிந்தால் பாசிட்டிவ், தெரியாவிட்டால் நெகட்டிவ். எந்த செல்லில், செல்லின் எந்தப் பகுதியில் என்று பார்ப்பதே இல்லை.

பெருங்குடல் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். லிஞ்ச் சிண்ட்ரோம் (புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பரம்பரை நோய்) இருக்குமோ என்று அறிய, டி.என்.ஏ. பிழைகளைச் சரிசெய்யும் எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என 4 புரதங்களைப் பார்க்கிறோம். இங்கே பழுப்பு நிறம் இல்லாமல் போவதுதான் முக்கியம். கட்டி செல்களின் நியூக்ளியஸ் நீலமாகவே இருக்கிறதா? உடனே 'இழப்பு' என்று எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் கிடக்கும் லிம்போசைட்டுகளை, அதாவது இந்தப் புரதங்கள் இயல்பாக இருக்கும் வெள்ளையணுக்களைப் பாருங்கள். அவை நன்றாகப் பழுப்பேறியிருந்தால்தான் அந்த இழப்பு நிஜம். அவையும் நீலமாக இருந்தால் சாயம் ஏறவில்லை, அவ்வளவுதான். வேறு பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுத்துண்டில்) திரும்பச் செய்யுங்கள். ஒரு குடும்பமே மரபணுப் பரிசோதனைக்குப் போகவேண்டி வரும் விஷயம் இது. எம்எல்எச்1 உண்மையிலேயே இல்லாவிட்டாலும் பரம்பரை நோய் என்று முடிவுகட்ட முடியாது. பெரும்பாலும் அந்த ஜீனில் ஏற்படும் மெத்திலேஷன்தான் (ஜீனை அணைத்துவிடும் வேதி மாற்றம்) காரணம். அதற்கான சோதனையோ பிராஃப் என்ற ஜீனுக்கான சோதனையோ செய்த பிறகுதான் அடுத்த பேச்சு.

சாயம் ஏறாததற்குக் காரணம் பல நேரம் லேபில் இல்லை, ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறது. திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தான் உள்ளே போகும். வெட்டியெடுத்த குடலைத் திறக்காமல் அப்படியே டப்பாவில் போட்டால், அது போய்ச் சேர்வதற்குள் உள்ளே இருக்கும் கட்டி சிதைந்துவிடும்.

கல்லீரலில் சிக்கல் தலைகீழ். அந்த செல்களில் இயல்பாகவே பயோட்டின் என்ற வைட்டமின் நிறைய உண்டு. பயோட்டினோடு அவிடின் ஒட்டுவதை வைத்துப் பழுப்பேற்றும் பழைய அவிடின்-பயோட்டின் முறையில் செய்தால் ஆன்டிபாடியே இல்லாமலும் பழுப்பு வரும். பயோட்டின் தேவைப்படாத பாலிமர் முறைக்கு மாறுங்கள், நெகட்டிவ் கண்ட்ரோலை (அந்த ஆன்டிபாடி போடாத ஸ்லைடை) தவறாமல் வையுங்கள். அப்புறம், ஹெப்பார்-1 கல்லீரல் மார்க்கர் (கல்லீரல் செல்லை அடையாளம் காட்டுவது) என்று பெயரெடுத்தது என்றாலும் சில இரைப்பைப் புற்றுநோய்களிலும் வரும். இன்னொரு கல்லீரல் மார்க்கரான ஆர்ஜினேஸ்-1 சேர்த்துப் பார்த்தால் நம்பிக்கை கூடும்.

கணையத்துக்கு வருவோம். இளம்பெண்ணுக்கு ஒரு கட்டி, நியூரோஎண்டோகிரைன் (ஹார்மோன் சுரக்கும்) செல்களைக் காட்டும் சினாப்டோஃபைசின் பாசிட்டிவ். நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொறுங்கள், பீட்டா-கேட்டனின் என்ற புரதத்துக்கான சாயமும் கேளுங்கள். வழக்கமாக அது செல்லின் ஓரத்தில் கோடாகத் தெரியும். நியூக்ளியஸே பழுப்பாகியிருந்தால், சாலிட் சூடோபாப்பிலரி கட்டி என்ற வேறு வகைக் கணையக் கட்டியைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அதை முழுவதுமாக வெட்டியெடுத்துவிட்டால் பெரும்பாலானோருக்கு அதோடு குணமாகிவிடுகிறது.