கீழக்கரை மாடியில் ஆல்ப்ஸ் பூ வருமா?

வராது. பிரிமுலா ஆரிகுலா விதைப் பாக்கெட்டை நெட்டில் பார்த்து மயங்கி, நானும் வாங்கி, ஃபிரிட்ஜில் குளிரவைத்து முளைக்கவும் வைத்தேன். பங்குனி வெயிலில் மூன்று நாற்றும் போச்சு. ஆல்ப்ஸ் பாறை இடுக்கில் ஒரு சாணுக்குள் நின்று மஞ்சளாகப் பூக்கிற செடி அது. ஹிர்சுட்டா என்ற இன்னொரு மலைச் செடியோடு அது கலந்து பிறந்தவைதான் ஐரோப்பியத் தோட்டங்களில் ஊதா, சிவப்பு என்று பல நிறத்தில் நிற்கிற கலப்பினங்கள். குளிர் இல்லாமல் அவற்றுக்குப் பிழைப்பில்லை, நமக்கோ மார்கழியிலும் ஃபேன் ஓடுகிறது.

ஆனால் அங்கே அதை வளர்ப்பவர்கள் பனியைவிட வேரில் தேங்கும் ஈரத்துக்குத்தான் பயப்படுவார்கள், அதனால் மண்ணில் பொடிக்கல் கலப்பார்கள். அந்த வேலையை அப்படியே நம் டேபிள் ரோஸுக்குச் செய்யுங்கள். அதுவும் குட்டைதான், பிறந்த ஊர் தென் அமெரிக்கா, வெயில் என்றால் கொண்டாட்டம்.

அகலமான, ஆழம் குறைந்த தொட்டி போதும். துளைமேல் ஓட்டாஞ்சில்லு வைத்து, ஆற்றுமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு போடுங்கள். கடற்கரை மணல் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள், உப்பு. தேங்காய் நார்த்தூள் சேர்ப்பதானால் அதையும் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், அதிலும் உப்பு இருக்கும். ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீர் வீணாகிறதே என்று ஊற்றுபவர்கள் உண்டு, செடிக்கு அது கிணற்று உப்புத் தண்ணீரைவிட மோசம்.

விதை தூசி மாதிரி இருக்கும், மேலே தூவினால் போதும், மண் போட்டு மூடக்கூடாது. அடுக்குப் பூ வகையில் விதை போட்டால் சில செடி ஒற்றை இதழாக வந்துவிடும், அதனால் பக்கத்து வீட்டில் பிடித்த நிறத்தைப் பார்த்து விரல் நீளக் கிள்ளலாகக் கேட்டு வாங்கி நடுவதுதான் என் வழக்கம். மேல் மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். நிழலில் வைத்துவிட்டு மொட்டு விரியவில்லை என்று புலம்பாதீர்கள், மேகம் போட்டாலே சுருங்கிக்கொள்கிற பூ இது.

ஐப்பசி மழை தொடங்கும் முன் நாலைந்து கிள்ளலைச் சின்னத் தொட்டியில் நட்டுத் தாழ்வாரத்தில் வைத்துவிடுங்கள், பெரிய தொட்டி அழுகினாலும் தை மாதம் நிறம் கையில் இருக்கும். அப்புறம், ஆடு. இது பருப்புக்கீரைக்குச் சொந்தம் என்று நமக்குத் தெரியாவிட்டாலும் அதற்குத் தெரியும், மாடிப்படிக் கதவைச் சாத்தி வையுங்கள்.