பயம் போகட்டும், அப்புறம் போகிறேன்: அழைப்பில் நாம் செய்யும் தவறுகள்

"கொஞ்சம் தைரியம் வரட்டும், அப்புறம் ஊழியத்துக்கு வருகிறேன்." சபையில் இதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானே இரண்டு வருடம் சொல்லியிருக்கிறேன். மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்க வேண்டும் என்ற பாரம் எனக்குள் இருந்தது. அங்கே போய் என்ன பேசுவது என்ற பயமும் இருந்தது. பயத்தை எடுத்துப்போடும் என்று ஜெபித்துக்கொண்டே நாளைக் கடத்தினேன். பயம் போகவில்லை. கடைசியில் பயத்தோடுதான் போனேன்.

பயம் தீர்ந்த பிறகுதான் கீழ்ப்படிய முடியும் என்று நினைப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. வேதத்தில் நியாயாதிபதிகள் 6, 7 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். இஸ்ரவேலரை ஒடுக்கிவந்த மீதியானியர் கண்ணில் படாமல் ஒளித்துக் கோதுமை போரடித்துக்கொண்டிருந்தவன் கிதியோன். என் குடும்பம் எளியது, நான் எல்லாரிலும் சிறியவன் என்கிறான். கர்த்தரோ, "உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ" என்கிறார். இன்னும் பலம் சேர்த்துக்கொண்டு வா என்று சொல்லவில்லை. அந்நிய தெய்வமான பாகாலின் பலிபீடத்தை இடிக்கச் சொன்னபோது, தகப்பன் வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து பகலில் செய்யாமல், பத்து வேலைக்காரரைக் கூட்டிக்கொண்டு இரவில் போய் இடித்தான். இரவில் செய்ததற்காகக் கர்த்தர் அவனைக் கடிந்துகொண்டதாக அங்கே ஒரு வரிகூட இல்லை. வேலை முடிந்தது, பலிபீடம் இடிந்தது.

நம்மிடையே இன்னொரு பேச்சு உண்டு: "எனக்கு உள்ளத்தில் சமாதானம் இல்லை, அதனால் இது தேவசித்தம் இல்லை." சில நேரம் அது உண்மைதான், ஆவியானவர் தடுப்பதும் உண்டு. ஆனால் பல நேரங்களில் நாம் சமாதானம் இல்லை என்று சொல்வது வெறும் படபடப்பைத்தான். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் இயேசு பட்ட வியாகுலத்தை நினைத்துப் பாருங்கள். பிதாவின் சித்தத்தின் நடுவில் இருந்தபோதே அவர் அப்படிக் கலங்கினார். கொரிந்துவுக்குப் போன பவுலும் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் அங்கே இருந்ததாக எழுதுகிறார். நடுக்கம் வந்ததும் இது நமக்கில்லை என்று அவர் முடிவு செய்திருந்தால், கொரிந்து சபையின் கதை என்னவாகியிருக்கும்?

அடையாளம் கேட்டுக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, அதில் பனி பெய்வதை வைத்து இரண்டு முறை அடையாளம் கேட்டான் என்பது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அவன் தோலைப் போட்டது பலிபீடத்தை இடித்த பிறகு. தெரிந்த அளவுக்குக் கீழ்ப்படிந்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்டான். நாமோ வாக்குத்தத்த அட்டையை எடுப்போம், வேதத்தைத் திறந்து முதலில் கண்ணில் படுகிற வசனத்தைப் பார்ப்போம், வருகிற ஊழியக்காரர் எல்லாரிடமும் கேட்போம், முதல் அடியை மட்டும் வைக்கமாட்டோம்.

சரி, பயத்தை மதிக்காமல் குதித்துவிடுவதா? அதுவும் வேண்டாம். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலையை விட்டுவிட்டு, குழந்தைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் நிற்பதை விசுவாசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமஸ்குவில் எதிரிகள் கொல்லப் பார்த்தபோது பவுல் மதிலிலிருந்து கூடையில் இறங்கித் தப்பித்தார். அழைக்கப்பட்டவர்தான், ஆனாலும் எச்சரிக்கையாக இருந்தார்.

அழைப்பு என்றாலே பிரசங்க பீடம்தான் என்று எண்ணுவதும் நம்மிடம் உண்டு. 1870இல் ராணிப்பேட்டையில் ஒரு மிஷனரி குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடருக்குக் குடும்பத்தின் வழியில் போக விருப்பமே இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவிகளுக்கு உதவக் கேட்டார்கள். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அனுமதிக்க அவர்கள் ஒப்பவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அவர் அரைகுறையாக மருந்துப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை. அமெரிக்கா போய்ப் படித்து, 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். வேலூரில் ஒரே படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஆயத்தப்படுவது வேறு, தள்ளிப்போடுவது வேறு. ஆயத்தத்துக்கு ஒரு பாடத்திட்டமும் முடிகிற தேதியும் இருக்கும். என்னுடைய அந்த இரண்டு வருடத்துக்கு இரண்டுமே இல்லை.

கடைசியாக ஒன்று. பயத்தை மறைத்துக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். மீதியானியரோடு போரிடக் கிதியோனிடம் கூடிவந்தவர்களில், பயப்படுகிறவர்கள் திரும்பிப் போகலாம் என்றதும் 22,000 பேர் வீட்டுக்குப் போனார்கள். மீந்த 10,000 பேரும் 300 ஆனார்கள். அவர்களை நடத்த வேண்டிய கிதியோனிடமே அன்று இரவு கர்த்தர், நீ போகப் பயந்தால் பூரா என்னும் உன் வேலைக்காரனைக் கூட்டிக்கொண்டு மீதியானியரின் பாளயத்துக்குப் போ என்கிறார். கிதியோன் பூராவைக் கூட்டிக்கொண்டே போனான். அப்படியென்றால் பயம் அப்போதும் இருந்திருக்கிறது. கர்த்தர் அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை, கூட ஓர் ஆளைத்தான் அனுப்பினார். பூரா அங்கே என்ன பேசினான் என்று வேதத்தில் ஒன்றும் இல்லை.

நான் முதல் நாள் வார்டுக்குப் போனபோது சபையிலிருந்து ஓர் அக்கா கூட வந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது என்று முந்தின நாள்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவரும் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. என் பையை வாங்கி வைத்துக்கொண்டு, கட்டில் பக்கத்தில் நின்றார்.