அலையாத்திக் காட்டுல மீன் பிடிக்கப் போற நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்க பண்ற தப்புங்க

ஒகேனக்கல்லுலயும் கேஆர்பி டேம்லயும் தூண்டில் போட்டுப் பழகினவங்க நாம. டேம்ல காலைல தண்ணி எங்க நின்னுச்சோ சாயங்காலமும் அங்கதான் நிக்கும், அதனால லீவு எப்ப, வண்டி எப்பன்னு மட்டும்தான் பாப்போம். அதே பழக்கத்தோட பிச்சாவரம் பக்கமோ முத்துப்பேட்டை பக்கமோ இருக்கற அலையாத்திக் காட்டுக்கு, அதாவது கடலோர சேத்துல வளர்ற மாங்ரோவ் காட்டுக்கு, ஆள் பேசி படகு எடுத்தா மொத்த நாளும் வீணாப் போயிடுது.

எங்க மாமா பையன் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல 7 மணிக்கு எறங்கி ரெண்டு நல்ல கொடுவா மீன் புடிச்சுட்டு வந்தான். அடுத்த ஞாயிறே நாங்க நாலு பேரு அதே 7 மணிக்குப் போனோம். படகுக்கார அண்ணன் போன்லயே "தம்பி அந்த நேரம் தண்ணி வத்திட்டு இருக்கும், கொஞ்சம் லேட்டா வாங்களேன்"னாரு, நாங்கதான் ராத்திரிக்குள்ள ஊர் திரும்பணும், திங்கக்கிழமை வேலை இருக்குன்னு புடிவாதமா நின்னோம். சின்ன வாய்க்கால்ல பாதி தூரம் போனதும் படகு சேத்துல உக்காந்துடுச்சு. அண்ணன் கழிய ஊனி ஊனித் தள்ளுறாரு, கழி முழங்கால் ஆழம் சேத்துக்குள்ள போகுதே தவிர படகு நகரல. திரும்ப தண்ணி ஏறுற வரைக்கும் மூணு மணி நேரம் வெயில்ல உக்காந்திருந்தோம்.

இதுக்குக் காரணம் என்னன்னா, கடல் தண்ணி சுமாரா ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் எறங்கும், அந்த நேரம் ஒவ்வொரு நாளும் சுமாரா 50 நிமிஷம் தள்ளிப் போகும். ஒரு வாரத்துக்குக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட ஆறு மணி நேரம், அதாவது போன ஞாயிறு 7 மணிக்கு ஏறிட்டு இருந்த தண்ணி இந்த ஞாயிறு அதே 7 மணிக்கு எறங்கிட்டு இருக்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏத்தமும் எறக்கமும் இன்னும் ஜாஸ்தி. அதனால தேதிய நாம முடிவு பண்ணிட்டு அப்புறம் படகு கேக்கறது தப்பு, "எந்த நாள் எத்தன மணிக்கு தண்ணி சரியா இருக்கும்ணா?"ன்னு அவங்ககிட்ட கேட்டுட்டு லீவு போடுங்க. வத்துற தண்ணி மீனுக்கு ஆகாதுன்னும் இல்ல. தண்ணி எறங்கறப்ப பொடி இறாலும் சின்ன மீனும் வாய்க்கால்ல இருந்து வெளிய வரும், கொடுவா வாய்க்கால் வாயில காத்துட்டு நிக்கும், நாமளும் அந்த வாய்கிட்ட நிக்கணும், உள்ள போய் மாட்டிக்கக் கூடாது.

அடுத்தது இரை. டேம்ல கட்லா, ரோகுக்குப் போடற மாவு உருண்டைய டப்பா டப்பாவா எடுத்துட்டுப் போறாங்க, கொடுவா அதத் திரும்பிக்கூடப் பாக்காது, அதுக்கு உயிர் இறால், இல்லன்னா சின்ன மடவை மீன் வேணும். படகு பேசும்போதே இரை யார் பொறுப்பு, லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு கேட்டுடுங்க.

ரெண்டு மூணு அடி தண்ணில படகுல தொம்மு தொம்முன்னு நடந்தா அந்தச் சத்தத்துக்கே மீன் ஓடிடும். தூண்டில்ல மாட்டின கொடுவா நேரா சுரபுன்னை மரத்து வேருக்குள்ள பாயும், அந்த வேர் பூரா ஆளிச் சிப்பி ஒட்டிட்டு பிளேடு மாதிரி இருக்கும், மெல்லிசு தூண்டில் நரம்பு நிமிஷத்துல அறுந்துடும், நுனில தடிமனான நரம்பு ஒரு முழம் சேத்துக் கட்டுங்க. கொடுவாவோட செவுள் மூடியும் கூர்தான், செவுள்ல விரல் விட்டுத் தூக்காதீங்க.

கெளுத்தி மாட்டினா வெறுங்கைல கழட்டவே கூடாது. முள்ளு விஷம். குத்திடுச்சுன்னா தாங்கற அளவு சூடான தண்ணில கைய அரை மணி நேரத்துக்கு மேல வெச்சா வலி குறையும், அப்புறம் கண்டிப்பா ஆஸ்பத்திரி போகணும். இதே மாதிரி இன்னொன்னு தில்லை மரம். சிதம்பரத்துக்கு தில்லைன்னு பேர் வந்ததே இந்த மரத்தாலதான். படகு கட்டறேன், மாட்டின நரம்ப எடுக்கறேன்னு அதோட கெளைய ஒடிச்சா வெள்ளையா பால் வரும், அது கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. எந்த மரம்னு தெரியலன்னா எதையும் தொடாதீங்க.

பிச்சாவரம் ரிசர்வ் காடு. சுத்திப் பாக்கற போட்டுல தூண்டிலத் தூக்கிட்டு ஏறக் கூடாது, எங்க பிடிக்கலாம் எங்க கூடாதுன்னு ஃபாரஸ்ட் ஆபீஸ்ல கேட்டுட்டு, உள்ளூர் மீனவங்க கூட்டிட்டுப் போற எடத்துக்கு மட்டும் போங்க. மழைக் காலத்துல நமக்கு ஒரு அடையாளம் கைலயே இருக்கு. ஒகேனக்கல்ல வெள்ளம்னு பரிசல் நிறுத்தி, மேட்டூரும் நிரம்பி வழியுதுன்னா அந்தத் தண்ணி சில நாள்ல கொள்ளிடம் வழியா பிச்சாவரத்துக்குத் தெக்கால கடல்ல போய் சேரும், அந்தப் பக்கம் கழிமுகம் பூரா கலங்கி இழுப்பு பயங்கரமா இருக்கும், ட்ரிப்ப தள்ளி வெச்சிடுங்க.

பெரிய கொடுவா கெடைச்சா போட்டோ எடுத்துட்டு விட்டுடுங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன். கொடுவா பெரும்பாலும் மொதல்ல ஆணா வளந்து அப்புறம்தான் பொட்டையா மாறும், அதனால பெருசு எல்லாம் அநேகமா முட்ட போடற மீனுதான். சமையலுக்கு நடுத்தர சைஸ் போதும், ருசியும் அதுதான்.

திரும்பறப்ப ரீல ஊர்ல போய் கழுவிக்கலாம்னு விட்டுடாதீங்க, டேம் தண்ணி மாதிரி இல்ல இது, உப்பு ராத்திரியோட வேலையக் காட்டிடும். கரையிலயே ஒரு பக்கெட் நல்ல தண்ணி வாங்கி ரீல், கொக்கி, இடுக்கி எல்லாம் அலசித் தொடச்சு வெச்சுட்டு அப்புறம் வண்டி ஏறுங்க.