ஆற்றில் ஏதோ கிடைத்ததா? முதலில் தேய்க்காதீர்கள்

சேலத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். மழை விட்டு ஆற்றில் தண்ணீர் இறங்கினால், எடைக்குப் போட வருகிறவர்களோடு வேறு ஆட்களும் வருவார்கள். கையில் துணி சுற்றிய பொட்டலம், தாழ்ந்த குரல்: "அண்ணா, இது என்னன்னு கொஞ்சம் பாருங்க."

போன ஐப்பசியில் ஒரு கல்லூரிப் பையன் அப்படித்தான் வந்தான். உத்தமசோழபுரம் பக்கம் திருமணிமுத்தாற்றில் எடுத்ததாம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான குழாய். ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். மேலெல்லாம் துருவும் மணலும் கூழாங்கல்லும் சேர்ந்து கெட்டிப்பட்டிருந்தது. "திப்பு சுல்தான் பீரங்கிண்ணா" என்றான். சேலம் 1792 வரை திப்பு கையில் இருந்தது உண்மைதான். அதற்காக ஆற்றில் கிடக்கிற குழாயெல்லாம் பீரங்கி ஆகிவிடுமா?

எடுக்கும் முன்பே ஒன்று பாருங்கள். பென்சில் பருமனில் உலோகக் குழல், பின்னால் இரண்டு ஒயர் என்றால் அது பாறைக்கு வைக்கிற வெடியைத் தூண்டிவிடும் கேப்பாக இருக்கலாம். நம் ஊரைச் சுற்றிக் கல்குவாரிகள் உண்டு. தொடாதீர்கள். குண்டு போல முனை கூர்ந்த எதையும் அப்படியே விட்டுவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

எடுத்ததை வெயிலில் காயப்போடாதீர்கள். ஆற்றில் கிடந்த இரும்பு வேகமாகக் காய்ந்தால் துரு செதில் செதிலாக உதிரும், வடிவமும் அதோடு போய்விடும். வாளித் தண்ணீரிலேயே கிடக்கட்டும். புளி, எலுமிச்சை, கம்பிப் பிரஷ் எதுவும் வேண்டாம். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பித்தளைத் தட்டைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தேன். அதில் லேசாக ஏதோ எழுத்து இருந்தது தேய்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பழைய பல் பிரஷும் பொறுமையும் போதும்.

அப்புறம் காந்தம். உடைந்த ஸ்பீக்கரில் இருப்பதே நல்ல காந்தம். அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்து மணலில் கருமணல் கலந்திருக்கும். கஞ்சமலையே இரும்புத் தாது மலையாயிற்றே. காந்தத்தில் மீசை மாதிரி ஒட்டிக்கொள்வது அந்த மணல், உங்கள் பொருள் அல்ல. மணலைக் கழுவிவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. ஒட்டவில்லை என்றால் பித்தளை, செம்பு, ஈயம், அலுமினியம் என்று பல இருக்கின்றன. எவர்சில்வரிலும் ஒட்டாத ரகம் உண்டு.

அடுத்தது எடை. எனக்குப் பிடித்த சோதனை இதுதான். தொங்கு தராசில் கட்டி ஒருமுறை நிறுங்கள். அதே கயிற்றில் வாளித் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கவிட்டு, அடியில் தட்டாமல் இன்னொரு முறை. பையனின் குழாய் வெளியே 1,800 கிராம், தண்ணீருக்குள் 1,550. குறைந்தது 250. 1,800-ஐ 250-ஆல் வகுத்தால் 7.2, அதாவது தண்ணீரைவிட அத்தனை மடங்கு கனம். வார்ப்பிரும்பு அங்கேதான் வரும். அடித்து நீட்டிய இரும்பும் எஃகும் 7.8-ஐ ஒட்டி வரும், பித்தளை எட்டரை, செம்பு 8.9, வெள்ளி பத்தரை, ஈயம் 11.3. துரு தடித்திருந்தால் கணக்கு கொஞ்சம் இறங்கும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி என்று சந்தேகம் வந்தால் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர்களிடம் காட்டுங்கள்.

வட்டமாக, கெட்டியாக இருந்தால் பழைய எடைக்கல்லாக இருக்கலாம், எடையே பெயரைச் சொல்லிவிடும். 1,400 கிராமை ஒட்டி இருந்தால் வீசைக் கல், 35 கிராம் என்றால் பலக் கல். 1958-இல் கிலோ வரத் தொடங்கிய பிறகு இவை மெல்ல மெல்லக் கடைகளைவிட்டுப் போயின.

இன்ன உலோகம் என்று தெரிந்ததும் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். அது என்ன வேலை செய்தது என்பதைத் தேய்மானம்தான் சொல்லும். குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். வெளியே அத்தனை சொரசொரப்பு, உள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஏதோ ஒன்றின் மேல் உரசி இது வருடக்கணக்கில் சுழன்றிருக்கிறது. வெளிப்புறத்தில் எதிரெதிராக இரண்டு புடைப்பு, எதற்குள்ளோ திரும்பாமல் கவ்வி நிற்பதற்கு. குறுகிய முனையில் நகத்தால் சுரண்டினால் கறுப்பாகப் பிசுபிசுப்பு. பீரங்கிக்குள் மை தடவுவார்களா?

வண்டி மை, அச்சு உராயாமல் இருக்கத் தடவுகிற கறுப்பு மசகு! மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவில் இருக்கிற குடத்துக்குள் இறுக்கி, நடுவே அச்சு நுழைகிற வார்ப்பிரும்பு உருளை அது. பையன் நம்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் காட்டச் சொன்னேன்.

உடைந்த சிலை, எழுத்து வெட்டிய செப்பேடு, நாணயக் குவியல் என்று வந்தால் என்னிடமோ வேறு கடையிலோ விலை பேசவே கூடாது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878-இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் அடுத்த வழி காட்டுவார். கிடைத்த இடத்தை அப்போதே போட்டோ எடுத்து வைத்திருந்தால் ரொம்ப நல்லது. சுருட்டிய சின்னச் செப்புத் தகடு மட்டும் என்றால் யாரோ பரிகாரத்துக்கு விட்டதாக இருக்கும். நான் அதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

இரண்டு நாள் கழித்துப் பையன் போன் செய்தான். பாட்டி அதைக் கையில் வாங்கியதும் பார்க்கக்கூட இல்லையாம், மோந்து பார்த்துவிட்டு, "எந்த வண்டியோட குடம்டா இது, இன்னொண்ணு எங்க?" என்று கேட்டாராம்.