ஆர் மொழியில் பேரலல் கோடு: கோர் பயன்பாட்டைப் பார்க்கும்போது நேரும் தவறுகள்

புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மொழியில் ஒரு பெரிய சிமுலேஷனைப் பேரலலாக, அதாவது சிபியுவின் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஓடவிட்டதும் பலரும் திறப்பது, சிபியு பயன்பாட்டைக் காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை. அங்கே 13 சதவீதம் என்று இருந்தால், கம்ப்யூட்டர் சும்மா கிடக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். விண்டோஸ் எல்லா கோர்களையும் சேர்த்து 100 என்று கணக்கு வைக்கிறது. எட்டு லாஜிகல் கோர் (ஒரு நிஜ கோரே இரண்டாக எண்ணப்படலாம்) உள்ள லேப்டாப்பில் ஒரு கோர் முழுவீச்சில் உழைத்தால் 12.5 வரும். அப்படியானால் அந்த 13-க்கு அர்த்தம், ஒரு கோர் திணறிக்கொண்டிருக்க மற்ற ஏழும் வேலைக்கே வரவில்லை என்பதுதான். லினக்ஸில் ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் டாப் கட்டளையின் கணக்கு வேறு. அங்கே ஒரு கோருக்கு 100 என்பதால், நான்கு த்ரெட் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஓடும் ப்ராசஸ் 400 வரை காட்டும். டாப் ஓடும்போது 1 என்ற விசையைத் தட்டினால் கோர் வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

அடுத்த தவறு, சோதித்துப் பார்க்க சிஸ்.ஸ்லீப்பை, அதாவது சில வினாடி சும்மா நிற்கச் சொல்லும் கட்டளையை, பயன்படுத்துவது. ஒரு வினாடி தூங்கும் எட்டு வேலைகளை நான்கு வொர்க்கர்களுக்கு (வேலையைப் பங்கிட்டுச் செய்யும் ஆர் ப்ராசஸ்கள்) கொடுத்தால், 8 வினாடி வேலை ஏறக்குறைய 2 வினாடியில் முடியும். ஆனால் கிராஃப் அசையவே அசையாது, ஏனென்றால் தூங்கும் ப்ராசஸுக்கு சிபியு தேவையில்லை. கோர் ஏறுகிறதா என்று பார்க்க, நிஜமாகவே கணக்குப் போடும் வேலையைக் கொடுங்கள். ரேண்டம் எண்களை உருவாக்கி வரிசைப்படுத்தச் சொன்னாலே போதும். சிஸ்டம்.டைம் கொண்டு அளக்கும்போது எலாப்ஸ்டு (கடிகாரப்படி ஆன மொத்த நேரம்) என்ற எண்ணைப் பாருங்கள். வொர்க்கர்களைத் தொடங்கும் மேக்கிளஸ்டரில் அவர்கள் தனி ப்ராசஸ்கள். அவர்களின் உழைப்பு, சிபியு நேரத்தைச் சொல்லும் யூசர் என்ற எண்ணில் சேராது.

லூப்பைப் பேரலலாக ஓட்ட உதவும் ஃபோரீச் தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. மேக்கிளஸ்டர் போட்டுவிட்டு, அந்த வொர்க்கர்களை ஃபோரீச்சோடு இணைக்கும் ரெஜிஸ்டர்டூபேரலலை மறந்துவிடுவார்கள். ஃபோரீச்சின் பேரலல் கட்டளையான டூபார் அப்போது எரர் தராது, ஒரே ஒரு முறை வார்னிங் காட்டிவிட்டு வரிசையாகவே ஓடும். அந்த வார்னிங்கைக் கவனிக்காமல் விட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். ஓடவிடும் முன், எத்தனை வொர்க்கர் இணைந்திருக்கிறார்கள் என்று சொல்லும் கெட்டூபார்வொர்க்கர்ஸ் என்ன எண் தருகிறது என்று பாருங்கள். வேலைக்குள்ளேயே ப்ராசஸின் அடையாள எண்ணைத் தரும் சிஸ்.கெட்பிட் எழுதி, எத்தனை வெவ்வேறு எண்கள் வருகின்றன என்று எண்ணினால் இன்னும் உறுதி.

கம்ப்யூட்டரின் கோர்களை எண்ணும் டிடெக்ட்கோர்ஸ் தரும் எண்ணை அப்படியே வொர்க்கர் எண்ணிக்கையாகப் போடவும் வேண்டாம். அது வழக்கமாகத் தருவது லாஜிகல் கோர்களை. நான்கு நிஜ கோர் உள்ள கம்ப்யூட்டரிலும் எட்டு என்று சொல்லலாம். பலர் பகிரும் சர்வரில் உங்களுக்கு எத்தனை கோர் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதும் அதற்குத் தெரியாது. பேரலலி தொகுப்பின் அவைலபிள்கோர்ஸ் அந்த ஒதுக்கீட்டையும் பார்த்து எண் தரும்.

என்னைக் கேட்டால், கண்டுபிடிக்க மிகவும் கஷ்டமான தவறு, கோர்கள் சும்மா கிடப்பதற்கு நேரெதிரானது: எல்லா கோரும் 100 தொட்டிருக்கும், வேலையோ முன்பைவிட மெதுவாக நகரும். ஓபன்பிளாஸ் போன்ற பிளாஸ் வகை (மேட்ரிக்ஸ் கணக்குக்கான) கோடு நூலகங்கள் மேட்ரிக்ஸ் கணக்குகளைத் தாமாகவே பல த்ரெட்களாகப் பிரிக்கும். எட்டு வொர்க்கர், ஆளுக்கு எட்டு த்ரெட் என்றால், எட்டு கோருக்கு 64 த்ரெட் முட்டிமோதும். கிராஃபை மட்டும் பார்த்தால் எல்லாம் அருமையாகத் தெரியும். இதைப் பிடிக்க எளிய வழி, ஒரே ஒரு வொர்க்கரோடு ஓடவிட்டு டாப்பைப் பார்ப்பது. அது 100-ஐத் தெளிவாகத் தாண்டினால் உள்ளே த்ரெட்கள் ஓடுகின்றன. அப்புறம் ஒவ்வொரு வொர்க்கரிலும் ஆர்எச்பிசிபிளாஸ்சிடிஎல் தொகுப்பின் மூலம் பிளாஸ் த்ரெட்டை 1 ஆக்கிவிட்டு, முழு எண்ணிக்கையில் மறுபடி நேரத்தை அளந்து பாருங்கள்.

தொடக்கத்தில் எல்லா கோரும் ஓடி, கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சினால், வேலைப் பங்கீடு சரியில்லை. வொர்க்கர்களுக்கு வேலையைக் கொடுக்கும் பார்லாப்ளை, அவற்றை முன்கூட்டியே பங்குபோட்டுவிடும். நீளமான வேலைகள் ஒருவரிடமே குவிந்தால் மற்றவர்கள் காத்திருப்பார்கள். அங்கே, கைவேலை முடித்தவருக்கு அடுத்ததைக் கொடுக்கும் பார்லாப்ளைஎல்பி உதவும். எல்லாம் முடிந்ததும் வொர்க்கர்களை நிறுத்தும் ஸ்டாப்கிளஸ்டர் கொடுத்துவிட்டு, ப்ராசஸ் பட்டியலில் பழைய வொர்க்கர்கள் மெமரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.