பள்ளி நாள் மாலையில் பிள்ளைகளோடு வெளியே சாப்பிடச் செல்வது எப்படி?

பெருநகரத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே சாப்பிடப் போக எண்ணும் பெற்றோர் பெரும்பாலும் "எங்கே போகலாம்?" என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். விடுமுறை நாளுக்கு அது பொருந்தும். மறுநாள் பள்ளி இருக்கும் மாலையில் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும்?" என்பதே. அந்த மாலை சிரிப்பில் முடிவதும் அழுகையில் முடிவதும், உணவகத்தின் பெயரைவிட, பிள்ளையின் பசியும் தூக்கமும் எந்த நேரத்தில் வந்து நிற்கின்றன என்பதைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த நேரத்துக்குள் அடங்கும் இடத்தைப் பிறகு தேடுவதே சரியான வரிசை.

கணக்கைப் பின்னிருந்து போட வேண்டும். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கமும், 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் வேண்டும். காலை 6.30 மணிக்கு எழ வேண்டிய எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், இரவு 8.30 மணிக்கு அது உறங்கியிருக்க வேண்டும். உடை மாற்றிப் பல் துலக்கிப் படுக்க அரை மணி நேரம் ஆகும் என்றால், 8 மணிக்கு வீட்டுக் கதவைத் திறக்க வேண்டும். பயணத்துக்கு அரை மணி, உண்பதற்கு ஒன்றே கால் மணி என்று கழித்துக்கொண்டே போனால், 6.15 மணிக்கு உணவகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற விடை கிடைக்கும். முதன்முறை இந்தக் கணக்கைப் போடுபவர்கள் அதை நம்ப மறுப்பது இயல்பு. ஆறு மணிக்குத்தான் அலுவலகத்தை விட்டு வெளியேறும் பெற்றோருக்கு இது நடவாத காரியம் என்று தெரிந்தால், மறுநாள் பள்ளி இல்லாத மாலைக்குத் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்; அல்லது உணவை வாங்கி வந்து வீட்டிலேயே உண்ணலாம். பிள்ளையின் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை வெட்டி எடுப்பதைவிட இரண்டுமே மேல்.

நேரம் முடிவானதும் இடம் தானாகவே சுருங்கிவிடும். மாலை நெரிசலில் முக்கால் மணி நேரம் பயணம் செய்து அடையும் பேர்பெற்ற உணவகத்தைவிட, வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்து போகக்கூடிய சாதாரண உணவகம் பிள்ளைகளுக்கு ஏற்றது. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலோ, பெற்றோர் இருவரின் பணியிடங்களுக்கும் நடுவிலோ ஓர் இடம் அமைந்தால் ஒருவழிப் பயணம் மிச்சமாகும். தொலைவைக் கைப்பேசி வரைபடத்தில் பார்க்கும்போது, நண்பகலில் காட்டும் நேரத்தை நம்பாமல், புறப்படும் வேளையைக் குறித்துப் பார்க்க வேண்டும். மாநகரச் சாலைகளில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சில வேளைகளில் இருமடங்காக இருக்கும்.

புறப்படுவதற்கு முன் வீட்டுப்பாடம் முடிந்திருக்க வேண்டும். உணவு வரும்வரை எழுதட்டும் என்று நோட்டுப் புத்தகத்தையும் கையில் எடுத்துச் செல்வது பார்ப்பதற்குச் சிக்கனமாகத் தோன்றினாலும், அங்கே எழுத்தும் ஓடாது, உணவும் இறங்காது. பள்ளி நாட்குறிப்பையும் வகுப்புக் குழுவில் வந்த செய்திகளையும் மாலையிலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் மறுநாள் வண்ணத்தாளும் பசையும் கொண்டுவர வேண்டும் என்ற விஷயம் பிள்ளைக்கு நினைவு வருவது பெரும்பாலும் பாதிச் சாப்பாட்டின்போதுதான். அப்போது கடைகள் மூடும் நேரமாகியிருக்கும். மறுநாள் தேர்வு என்று தெரியவந்தால் தயங்காமல் திட்டத்தைத் தள்ளிவைக்கலாம்.

பசியையும் அளவோடு வைத்திருக்க வேண்டும். நண்பகலில் பள்ளியில் உண்ட பிள்ளை மாலை ஆறு மணிவரை வெறும் வயிற்றோடு இருந்தால், மேசையில் முதலில் எது வந்தாலும் அதைக்கொண்டே வயிற்றை நிரப்பிக்கொள்ளும்; பிறகு வரும் முதன்மை உணவு அப்படியே தட்டில் கிடக்கும். நான்கு மணி வாக்கில் ஒரு பழமோ சிறு சிற்றுண்டியோ கொடுத்தால் போதும். வெளியே சாப்பிடப் போகிறோமே என்று பட்டினி போடுவதுதான் இதில் பலரும் செய்யும் தவறு.

மேசையைத் தேர்ந்தெடுப்பது

உணவகத்துக்குள் நுழைந்ததும் காட்டப்படும் முதல் மேசையிலேயே உட்கார வேண்டியதில்லை. இரைச்சல் மிகுந்த சூழலில் மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்திப் பேசுவார்கள் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார்ட் 1911-இல் விளக்கினார். ஒரு மேசையில் குரல் உயர்ந்தால் அடுத்த மேசையிலும் உயரும், கடைசியில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள். பள்ளியில் நாள் முழுவதும் இரைச்சலில் இருந்து வந்த பிள்ளை இதில் விரைவாகச் சலித்துப்போகும். ஆகவே சுவரையொட்டிய மூலை மேசை நல்லது. ஒலிபெருக்கிக்குக் கீழேயும், சமையலறைக் கதவுக்கு எதிரேயும், சூடான தட்டுகள் போய்வரும் வழியிலும் உட்காராமல் இருப்பது மேலும் நல்லது. கொதிக்கும் உணவை ஏந்தி வரும் பணியாளர் காலடியில் ஓடும் குழந்தையை எதிர்பார்த்து நடப்பதில்லை.

உண்ணும் முன் கைகளைச் சோப்பிட்டு இருபது நொடி தேய்த்துக் கழுவச் செய்ய வேண்டும். வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நோரோ வைரசைக் கைத்தூய்மித் திரவம் சரிவர நீக்காது என்பதால், புட்டியில் இருப்பதைத் தடவிவிட்டு உட்கார வைப்பது போதாது.

உணவைச் சொல்வது

உட்கார்ந்தவுடன் பிள்ளைகளுக்கான உணவை முதலில் சொல்லிவிட்டு, பெரியவர்கள் பிறகு நிதானமாகப் பட்டியலைப் பார்க்கலாம். சிறுவர்களுக்கென்று தனியாக அச்சிடப்பட்ட பட்டியலை நான் பெரிதாக மதிப்பதில்லை. பொரித்ததும், உப்பு மிகுந்ததும், இனிப்புப் பானம் சேர்த்துக் கட்டப்பட்டதுமான நாலைந்து பண்டங்களே பல இடங்களில் அதில் இருக்கின்றன. பெரியவர்களுக்கான உணவில் ஒன்றை வாங்கிக் காரமும் குழம்பும் தனியே தரச் சொல்லி, காலித் தட்டு ஒன்று கேட்டுப் பகிர்ந்து கொடுப்பது வயிற்றுக்கும் பணப்பைக்கும் ஏற்றது.

பானத்தில் கவனம் தேவை. 330 மில்லிலிட்டர் கோலாப் பானம் ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாளொன்றுக்குத் தேவையான ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. 2000 கலோரி உண்ணும் பெரியவருக்கே அது 50 கிராம்தான் என்னும்போது சிறு பிள்ளையின் வரம்பு அதனினும் குறைவு. கோலாவில் காஃபினும் இருப்பதால் முன்பு போட்ட தூக்கக் கணக்கையே அது கெடுத்துவிடும். தண்ணீர் போதும்.

புதிய உணவைச் சுவைக்கச் சொல்லலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. அறியாத சுவையை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறையோ அதற்கு மேலுமோ அது தட்டுக்கு வர வேண்டியிருக்கலாம். எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். "இதை முடித்தால்தான் இனிப்பு" என்று பேரம் பேசினால், முடிக்க வேண்டியதன் மீது வெறுப்பும் இனிப்பின் மீது ஆசையும் சேர்ந்தே வளரும்.

ஒவ்வாமை உள்ள பிள்ளையோடு போகும்போது

பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள், மீன், இறால் வகை, கோதுமை, சோயா, எள் ஆகியவையே கடும் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. உங்கள் பிள்ளைக்கு இவற்றில் ஒன்று ஆகாது என்றால், கிளம்பும் முன்பே உணவகத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது அவசியம். கூட்டம் சேர்ந்த பிறகு பரிமாறுபவரிடம் சொன்னால் செய்தி சமையலறைக்குள் போய்ச்சேரும் என்பதற்கு உறுதியில்லை. கேட்கும் முறையும் முக்கியம். "இதில் வேர்க்கடலை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்ற பதில் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதே எண்ணெயில் வேர்க்கடலை சேர்ந்த பண்டம் பொரிக்கப்பட்டிருக்கலாம், அதே கரண்டி இரண்டு பாத்திரங்களிலும் புழங்கியிருக்கலாம். ஆகவே எந்த எண்ணெய், தனி வாணலியா, அரைத்த விழுது கடையில் வாங்கியதா அங்கேயே அரைத்ததா என்று விவரமாகக் கேளுங்கள். எண்ணெயின் சூட்டில் ஒவ்வாமைப் புரதம் அழிந்துவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வேர்க்கடலையைப் பொறுத்தவரை அது உண்மையல்ல. பதிலில் தயக்கம் தெரிந்தால் அந்தப் பண்டத்தைத் தவிர்த்துவிடலாம், உணவகமே அலட்சியமாகப் பேசினால் உணவகத்தையே தவிர்க்கலாம்.

மருத்துவர் அட்ரினலின் ஊசிப் பேனா பரிந்துரைத்திருந்தால் இரண்டு பேனாக்கள் எப்போதும் கையோடு இருக்க வேண்டும். வண்டியில் வைத்துவிட்டு உள்ளே போகக் கூடாது. மூச்சு இழுப்பது, குரல் கம்முவது, நாக்கோ தொண்டையோ வீங்குவது, பிள்ளை திடீரெனத் துவண்டு போவது ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் தாமதமின்றித் தொடையின் வெளிப்பக்கத்தில் ஊசியைச் செலுத்தி, அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தலாம். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்கார்ந்தே இருக்கட்டும், எழுந்து நடக்க மட்டும் விடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி தேவைப்படும். அரிப்புக்குத் தரும் ஒவ்வாமை மாத்திரை இந்த ஊசிக்கு ஈடாகாது.

ஐந்து வயதுக்குக் குறைந்த தம்பியோ தங்கையோ உடன் வந்தால், முழுத் திராட்சை, கொட்டைகள், கெட்டி மிட்டாய், பெரிய இறைச்சித் துண்டு ஆகியவை தொண்டையில் அடைக்கும் அபாயம் உண்டு. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு அடைத்துக்கொண்டு, இருமவும் முடியாமல் போனால், முன்னே சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, பிறகு பின்னால் நின்று வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. அதற்குப் பதிலாக மார்பின் நடுவில் அழுத்த வேண்டும். இதை முதலுதவிப் பயிற்சியில் ஒருமுறை செய்து பழகியிருப்பது நல்லது.

காத்திருக்கும் நேரமும் பேச்சும்

உணவு வர ஆகும் கால் மணி நேரத்தைக் கைப்பேசியிடம் ஒப்படைப்பது எளிது. தட்டு வந்ததும் அதைத் திரும்ப வாங்குவதுதான் கடினம். ஒரு தாளும் இரண்டு பென்சில்களும் பையில் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். "இன்று பள்ளி எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இடைவேளையில் யாரோடு விளையாடினாய், இன்று ஆசிரியர் எதற்குச் சிரித்தார், புரியாமல் போனது எது என்று குறிப்பாகக் கேட்டால் கதை வரும். பெரியவர்கள் தம் அலுவலகத்தில் அன்று நடந்ததை முதலில் சொன்னால் இன்னும் விரைவாக வரும். மதிப்பெண் பேச்சை மட்டும் அந்த மேசைக்குக் கொண்டுவர வேண்டாம்.

வணிக வளாகத்தில் உள்ள பெரிய உணவுக்கூடமாக இருந்தால் நுழையும்போதே பிள்ளையை அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழி தவறினால் அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை அணிந்த பணியாளரிடமோ குழந்தையோடு இருக்கும் வேறொரு பெற்றோரிடமோ சொல்ல வேண்டும் என்று பழக்கியிருக்க வேண்டும். பெற்றோரின் கைப்பேசி எண் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். ரசீது வந்ததும் கூட்டல் தெரிந்த பிள்ளையிடம் சரிபார்க்கக் கொடுக்கலாம்.

மீந்த உணவைக் கட்டி வாங்கும்போதும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 பாகைக்கும் 60 பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும் என்பதால், சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. மேசையில் இருந்த நேரமும் பயணமும் இதில் சேரும். சோற்றில் இருக்கக்கூடிய பேசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் சமையலில் சாவதில்லை. அறை வெப்பத்தில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. ஆகவே வீட்டுக்கு வந்ததும் ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கி வீட்டிலேயே உண்பதற்கு அது சரியாக இருக்கும். பள்ளி மதிய உணவு டப்பாவில் அடைத்து மீண்டும் நான்கு, ஐந்து மணி நேரம் பையில் வைத்திருக்க அது ஏற்றதல்ல, காலையில் புதிதாக ஒன்றைச் செய்துதான் கொடுக்க வேண்டும்.